மனை நம்முடையது, முள் யாருடையது?

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் அமைந்த மேலகரம், சாரலின் குளிர்ச்சியில் திளைக்கும் ஊர். அச்சாரலில் வயல்கள் மட்டுமா செழிக்கின்றன? வளைகுடா நாடுகளில் உழைத்து ஈட்டிய பொருளால் நம்மவர்கள் இப்பகுதிகளில் வாங்கிப் போட்டுள்ள காலி மனைகளில் களைகளும் முட்புதர்களும் செழிக்கின்றன.

"என் மனை, வசதிப்படும்போது வீடு கட்டுவேன்" என்பார் உரிமையாளர். அவர் வசிப்பது கடலுக்கு அப்பால். புதரிலிருந்து வெளிப்படும் பாம்போ அண்டை வீட்டு முற்றத்தை நாடுகின்றது. பார்த்தீனியச் செடி தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் உண்டாக்க வல்லது. ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். காற்றுக்கும் ஓடைநீருக்கும் எல்லைக்கல் தெரியுமா?

நாட்டுச் சட்டம் இதனை முன்பே உணர்ந்துள்ளது. பயிர்ப் பூச்சிகளையும் நோய்களையும் தீய களைகளையும் தடுக்க, 1919ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சீமைக் கருவேல மரங்களைப் பட்டா நில உரிமையாளர்களும் அகற்ற வேண்டும்; தவறினால் அரசே அகற்றிச் செலவை வசூலிக்கும் என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் உத்தரவிட்டது. சுற்றுச்சூழல் விளைவுகளை ஆராய வேண்டி, அப்பணி அதே ஆண்டில் நிறுத்தி வைக்கப்பட்டது வேறு செய்தி.

சட்டம் வற்புறுத்தும்வரை முஃமின் காத்திருக்கலாகாது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளுள் ஒன்றாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பிறர் போட்ட முள்ளை எடுப்பதே ஈமானின் பகுதியென்றால், நம் மனையில் முளைத்த முள்ளை வளரவிடுவது எதன் பகுதி? அண்டை வீட்டார் நம் தீங்கிலிருந்து அச்சமற்றிருக்க வேண்டும் என்பதும் அவர்களின் போதனையன்றோ?

செய்ய வேண்டியவை கடினமல்ல. ஊரிலுள்ள உறவினர் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்து, கூலிக்குரிய தொகையை அனுப்பி வையுங்கள். சாரலுக்கு முன் ஒருமுறையும் ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறையும் மனையைத் துப்புரவு செய்யச் சொல்லுங்கள். பார்த்தீனியத்தைப் பூக்குமுன்பே, கையுறை அணிந்து வேருடன் பிடுங்க வேண்டும். சீமைக் கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, மீண்டும் துளிர்க்கும். தூருடன் தோண்டி எடுக்க வேண்டும். தீ வைப்பதைத் தவிருங்கள். அது அடுத்தவர் கூரையையும் பற்றக்கூடும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. ஜனாஸாவைச் சுமந்து செல்வோரின் கால்களில் முள் தைக்கும் நிலையில் கபரஸ்தான் கிடக்கலாமா? அங்கிருந்தே இப்பணி தொடங்கட்டும். தனியார் மனைகளும் தாமே பின்தொடரும், இன்ஷா அல்லாஹ்.