கூடப் போக ஓர் ஆள்



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆயர் தாவார் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். என் பால்ய நண்பனின் மனைவி எதிரே வந்தார். என்னைக் கண்டதும் நின்றார். ஏதோ சொல்ல வந்து தயங்கினார். பிறகு மெல்ல, "அண்ணே, அவருக்குக் காலு சரியில்லே. யாருகிட்டேயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நீங்க சும்மா வந்த மாதிரி வீட்டுப் பக்கம் வாங்க" என்றார்.

அவனும் நானும் ஒரே தோட்டத்துப் பள்ளியில், ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள். இருவர் வீட்டிலும் பால் மரம் வெட்டிய சம்பளம்தான். பிறகு தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. லயத்து வீடுகளும் போயின. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். அவன் லோரி ஓட்டினான்; அதன்பின் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகள் ஜாகா வேலை பார்த்தான். ஏழு மாதங்களுக்கு முன் அந்த வேலையும் போனது. அதற்குப் பிறகு அவன் காப்பிக் கடைக்கு வரவில்லை. கோயில் திருவிழாவிலும் காணவில்லை. "வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கும்" என்று நானே நினைத்துக்கொண்டேன். போய்ப் பார்க்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது.

அன்று மாலையே போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நாற்றம் அடித்தது. இடது பாதத்தில் பழைய கைலித் துணியைச் சுற்றியிருந்தான். அவிழ்க்கச் சொன்னேன். மறுத்தான். அதட்டினேன். அவிழ்த்தான். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. பாதம் வீங்கியிருந்தது. நெற்றியைத் தொட்டால் நெருப்பாகக் கொதித்தது.

ஆறு வாரங்களுக்கு முன் ஓர் ஆணி குத்தியதாம். அவனுக்கு நான்கு ஆண்டுகளாக இனிப்பு நீர். வேலை போனதும் மாத்திரையையும் நிறுத்திவிட்டான். புண் ஆறாமல் போகவே, ஒரு தனியார் கிளினிக்குக்கு இரண்டு முறை போயிருக்கிறான். இரண்டு முறைக்கும் சேர்த்து இருநூறு வெள்ளிக்கு மேல் ஆனது. மூன்றாம் முறைக்குக் கையில் காசில்லை. அதற்குப் பிறகு கடையில் வாங்கிய களிம்புதான்.

"ஏண்டா, கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதானே?"

"வேலை இல்லே. கம்பெனி கொடுத்த கிளினிக் கார்டையும் வாங்கிட்டானுங்க. இன்சூரன்சும் இல்லே. ஆஸ்பத்திரியிலே படுத்தா ஆயிரக்கணக்கிலே கேப்பாங்க. இருக்கிற ஒரு வீட்டையும் விக்கச் சொல்றியா?"

இந்த ஒரு தவறான எண்ணம்தான் அவனை ஆறு வாரம் வீட்டுக்குள் பூட்டிவைத்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் கம்பெனி கார்டைக் காட்டி மருந்து வாங்கியவன் அவன். கார்டு போனால் வைத்தியமும் போயிற்று என்று நம்பிவிட்டான். தனியார் ஆஸ்பத்திரியில் முன்பணமோ இன்சூரன்ஸ் கடிதமோ கேட்பார்கள் என்பது உண்மை. அங்கே கேட்கும் கேள்வியை எல்லா ஆஸ்பத்திரியிலும் கேட்பார்கள் என்று நினைப்பதுதான் தவறு.

விஷயம் இதுதான். 1982ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டண உத்தரவுப்படி, அரசாங்கக் கிளினிக்கிலும் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிப் பகுதியிலும் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. டாக்டர் பார்ப்பதும் மருந்தும் அதில் அடக்கம். நிபுணத்துவ மருத்துவரைப் பார்க்க 5 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் நாளொன்றுக்கு 3 வெள்ளி. வேலை இருக்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. மைகார்ட் போதும்.

இதை அவனிடம் சொன்னேன். நம்பவில்லை. விடிந்ததும் போகலாம் என்றான். சர்க்கரை உள்ளவனுக்குக் காலில் கறுப்பும் உடம்பில் காய்ச்சலும் சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. என் காரில் ஏற்றி அன்றிரவே ஸ்ரீ மஞ்சோங் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். முகப்பில் பெயர் பதியும்போது அவன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஐம்பது வெள்ளி நோட்டை எடுத்தான். அவன் மனைவி பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய பணம் அது. முகப்பில் இருந்த பெண் ஒரு வெள்ளி கேட்டார். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

இரண்டு விரல்களையும் எடுக்க வேண்டியிருந்தது. இன்னும் சில நாட்கள் தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். பதினொரு நாள் வார்டில் இருந்தான். வீட்டுக்கு வரும்போது கட்டிய தொகை நூறு வெள்ளியைத் தொடவில்லை. ஒரு வெள்ளியோடு முதல் வாரமே போயிருந்தால் அந்த இரண்டு விரல்கள் மிஞ்சியிருக்கக்கூடும். அந்தக் கணக்கு இன்னும் என் மனத்தை உறுத்துகிறது.

வாசகர்களே, இது ஒருவர் வீட்டுக் கதை அல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டிலுள்ள பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். உங்கள் வரிசையில் உள்ள வீடுகளை எண்ணிப் பாருங்கள்.

தோட்டத்தில் இருந்தபோது நோயை இப்படி மறைக்க முடியாது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். ஒருவர் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் வரும். காய்ச்சல் என்றால் டிரசரிடம் போகச் சொல்வார்கள். அந்த டிரசர் தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கிறார் என்று நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது கேலி செய்ததுண்டு. பெயர் கூப்பிட்டதும் நம்மேல் உள்ள அன்பினால் அல்ல. வேலை நடக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஆனாலும் ஒருவன் காணாமல் போனால் அது மறுநாளே தெரிந்தது. தோட்ட முதலாளிகள் தொழிலாளர்களுக்கு வீடும் சுகாதார வசதியும் தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டில் 446ஆம் சட்டமும் வந்தது. ஆனால் தோட்டமே போனபின் சட்டம் யாரைப் பிடிக்கும்? பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்கு வந்தோம். கதவைச் சாத்திக்கொண்டோம். ஏழு மாதம் ஒருவன் வெளியே வரவில்லை. பெயர் கூப்பிட எவரும் இல்லை.

வார்டில் இருந்தபோதுதான் இன்னொரு வேலை ஆரம்பமானது. அவனுக்குச் சேர வேண்டியவை என்னென்ன என்று தேடினேன். நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, சொக்சோ. இப்போது பெர்கேசோ என்கிறார்கள். நண்பனின் சம்பளத்தில் ஒன்பது ஆண்டுகள் மாதந்தோறும் பிடித்திருக்கிறார்கள். வேலை இடத்தில் அடிபட்டால் மட்டும்தான் சொக்சோ என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நோயினால் உழைக்க முடியாமல் போனவருக்கு இயலாமை ஓய்வூதியமும் உண்டு. 60 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா கட்டியிருந்தால் முழுத் தகுதி. உடல் நிலையை மருத்துவக் குழு பார்த்து முடிவு செய்யும். வேலை போய் நாளாக ஆக அந்த 40 மாதக் கணக்கில் வெற்று மாதங்கள் கூடிக்கொண்டே போகும் என்பதால் தள்ளிப்போடக் கூடாது. நண்பனுக்காக மனுப் போட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

இரண்டாவது, வேலை இழந்தோருக்கான காப்புறுதி. எஸ்.ஐ.பி. என்று 2018ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆட்குறைப்பில் வேலை போனவருக்குச் சில மாதங்கள் பணம் கிடைக்கும். ஆனால் வேலை போன 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நண்பனுக்கு இது தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. அந்தப் பணம் போனது போனதுதான். உங்கள் வீட்டில் ஒருவருக்கு வேலை போனால் முதல் வாரமே பெர்கேசோவில் பதியுங்கள்.

மூன்றாவது, ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் மருத்துவச் சமூகப் பணி அதிகாரி. கெர்ஜா சோசியல் பெருபாத்தான் என்று பலகை இருக்கும். கட்டணம் கட்ட முடியாதவர்கள், விலைக்கு வாங்க வேண்டிய கருவிக்கு வழியில்லாதவர்கள் அவரைப் பார்க்க வேண்டும். வீட்டு நிலவரத்தை விசாரித்து, எந்த உதவிக்கு மனுச் செய்யலாம் என்று வழி காட்டுவார். வார்டில் உள்ள தாதியிடம் கேட்டால் அனுப்பிவைப்பார்.

நான்காவது, பெக்கா பி40. 2019இல் வந்த திட்டம். அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். ரொக்க உதவி பெறும் குடும்பத்தில் 40 வயதைத் தாண்டிய கணவன் மனைவி இருவருக்கும் இலவச உடல் பரிசோதனை கிடைக்கிறது. மருத்துவக் கருவி வாங்கவும் உதவி உண்டு. என் நண்பன் எஸ்.டி.ஆருக்கே பதியவில்லை. அதனால் அடுத்த கதவும் மூடிக் கிடந்தது. ஒரு பதிவு விட்டுப்போனால் அதைத் தொட்டு வரும் உதவிகளும் விட்டுப்போகும்.

ஐந்தாவது, ஊழியர் சேமநிதி. கடுமையான சில நோய்களுக்கு, அக்கௌன் செஜாத்ராவில் உள்ள பணத்தை எடுக்கலாம். நண்பன் கொரோனா காலத்தில் 2020 முதல் 2022 வரை கொடுத்த சிறப்பு அனுமதிகளில் பெரும்பகுதியை எடுத்துச் செலவழித்துவிட்டான். அவனை நான் குறை சொல்லவில்லை. அன்று வீட்டில் அரிசி வேண்டுமே.

அடையாளப் பத்திரமே இல்லாத மனிதர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம் விழும் அபாயம் உண்டு. அது பல மடங்கு அதிகம். நோய் வரும்வரை காத்திராமல் இப்போதே பதிவு இலாகாவில் முயலுங்கள்.

இத்தனையும் கேட்டபின் நண்பன் சொன்ன வார்த்தை இது: "எல்லாத்துக்கும் மனு, மனு. நான் என்ன பிச்சைக்காரனா?"

நான் சொன்னேன்: "சொக்சோ பணம் உன் சம்பளத்திலே பிடிச்ச காசுடா. ஒம்பது வருஷம் ராத்திரி முழிச்ச காசு. அதைக் கேக்கிறதுக்கு என்ன வெட்கம்?"

அவன் பதில் பேசவில்லை. ஆனால் பாரத்தில் கையெழுத்துப் போட்டான்.

அரசாங்க வைத்தியத்தில் கஷ்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. காலையில் போனால் மாலை ஆகலாம். எண் வாங்க வேண்டும். மலாயில் பாரம் நிரப்ப வேண்டும். மருந்துக்கு மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்பவனால் இதெல்லாம் தனியாக முடியுமா? வைத்தியத்துக்கு ஒரு வெள்ளிதான். ஆனால் வண்டிக் கூலிக்கும் ஒரு நாள் பொழுதுக்கும் யாரிடம் போவது? நம்மவர்கள் பாதியில் திரும்பிவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அதனால் எங்கள் பழைய வகுப்புத் தோழர்கள் ஐந்து பேர் ஒன்றுகூடினோம். புண்ணுக்கு மருந்து கட்ட அவனைக் கிளினிக்குக்கு அழைத்துப் போக முறை வைத்துக்கொண்டோம். ஒருவரிடம் கார், இருவரிடம் மோட்டார் சைக்கிள். வண்டி இல்லாத ஒருவர் அவன் வீட்டிலிருந்து சாப்பாட்டுக் காசு வாங்காமல் வரிசையில் மட்டும் போய் நின்றார். பணம் வசூலித்துக் கொடுத்திருந்தால் அவன் வாங்கியிருக்க மாட்டான். கூட வந்ததை மறுக்க அவனால் முடியவில்லை.

புண் ஆறி வருகிறது. இனிப்பு நீருக்கு அரசாங்கக் கிளினிக்கிலேயே மாதாமாதம் மருந்து வாங்குகிறான். போன வாரம் ஊன்றுகோலோடு காப்பிக் கடைக்கு வந்தான். சீனி போடாத காப்பி. "இதெல்லாம் ஒரு காப்பியா?" என்று திட்டிக்கொண்டே குடித்தான்.

உங்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். இன்றிரவு, உங்களோடு படித்தவர்கள், ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள் பெயர்களை மனத்தில் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். சில மாதங்களாக யாரைக் காணோம்? நாளைக்கே அந்த வீட்டுக்குப் போங்கள். காலில் துணி சுற்றியிருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள். மைகார்டை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்புங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.