ஒரு கப்பு, ஒரு ஸ்பேனர், ஒரு பேசன்

வீட்டு வாசலில் வைத்து நாமே காருக்கு ஒயில் மாற்றப் போகிறோம் என்று சொன்னால் கல்முனையில் இரண்டு விதமான பதில் வரும். மூத்தவர்கள், "அது பாஸ்ட வேலை மனே, ஒனக்கென்னத்துக்கு?" என்பார்கள். நம்ம வயசுக்காரர் உடனே ஃபோனைத் திறந்து, நூற்றுச் சொச்சம் துண்டுகள் அடுக்கிய டூல் பெட்டியொன்றின் படத்தைக் காட்டி, "இத எடு மச்சான், எல்லாம் இரிக்கி" என்பார்கள். இரண்டுமே பிழையான பதில் என்கிறோம் நாம். முதலாவது, தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்கிறது. இரண்டாவது, காசு கொடுத்தால் தெரிந்துகொள்ளாமலே செய்யலாம் என்கிறது.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இந்தக் கரையோரத்தில் ஓடுகிற கார்களில் ஏராளமானவை ஜப்பானில் ஓடி முடித்து வந்தவை. விட்ஸ், அக்குவா, அக்ஸியோ, வெகன் ஆர். டாஷ்போர்டுப் பெட்டிக்குள் கையேடு பத்திரமாக இருக்கும், முழுக்க ஜப்பானிய மொழியில். கதவோரத்திலோ எஞ்சின் பக்கத்திலோ ஒட்டிய சிட்டையில், எத்தனையாம் கிலோமீற்றரில் கடைசியாக ஒயில் மாற்றினார்கள் என்று எழுதியிருப்பார்கள், அதுவும் அதே மொழியில். எந்த ஒயில், எத்தனை லீற்றர் எல்லாம் அந்தப் புத்தகத்தில் கிடக்கு. வாசிக்கத்தான் ஆளில்லை. விற்கிறவர் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தருவதில்லை, வாங்குகிறவர் கேட்பதுமில்லை. "பாஸுக்குத் தெரியும்" என்ற வசனம் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. பாஸுக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. அவர் கைபழகித் தெரிந்துகொண்டார். பழகினால் மற்றவர் கைக்கும் வரும், தங்கச்சிமார் கைக்கும் வரும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்றால், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடையில் 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்குப் போனது. ஆகவே வாப்பா எடுத்த அதே பழைய காரைத்தான் இன்னும் பல வீடுகளில் ஓடவைக்க வேண்டியிருக்கிறது. ஒயில் நேரத்துக்கு மாறாத எஞ்சினைப் பிறகு கழற்றிச் செய்யப் போனால் வீட்டு நகைதான் அடகுக்குப் போகும்.

சரி, சாமானுக்கு வருவோம். டொயோட்டாவின் சிறிய கார்களில் ஒயில் இறக்குகிற அடி நட்டின் தலை 14 மில்லிமீற்றர். அதற்கு 14 ஆம் நம்பர் ரிங் ஸ்பேனரோ ஆறு பக்க ஸொக்கெட்டோ போதும். வேறு கம்பனிக் கார் என்றால் அளவு வேறாக இருக்கலாம், அளந்து பாருங்கள். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரையும் பைப் ரென்ச்சையும் இந்த நட்டுக்குக் கிட்டவே கொண்டு போகாதீர்கள். தலையின் மூலைகள் உருண்டுவிட்டால் அடுத்த முறை எந்த ஸ்பேனரும் பிடிக்காது. அப்ப உண்மையாகவே பாஸிடம்தான் போகணும்.

சண்டையெல்லாம் ஃபில்டரில்தான். அதைக் கழற்றப் பெல்ட் இருக்கிறது, சங்கிலி இருக்கிறது, மூன்று விரல் நண்டு மாதிரி ஒன்று இருக்கிறது, கப் இருக்கிறது. எமது கட்சி கப். ஃபில்டரின் தலையில் பட்டை பட்டையாக மடிப்பிருக்கும். அதன்மேல் தொப்பி போல உட்கார்ந்து எல்லாப் பக்கமும் ஒரே சமனாகப் பிடிப்பது அது மட்டும்தான். டொயோட்டாவின் சிறிய தகர ஃபில்டருக்கு 65 மில்லிமீற்றர், 14 பட்டை. கடைக்குப் போகும்போது புது ஃபில்டரைக் கையோடு கொண்டு போங்கள், பட்டையை எண்ணுங்கள், அங்கேயே போட்டுப் பாருங்கள். ஆடினால் வாங்காதீர்கள். மூன்று விரல் கருவி பல அளவுக்கும் பொருந்தும் என்பது உண்மை. ஆனால் இந்தச் சின்ன எஞ்சின்களுக்குள் அது விரல் விரிக்க இடம் வேண்டாமா? ஃபில்டருக்குள் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருகுவதை வீரமாகச் சொல்கிறவர்களும் உண்டு. தகரம் கிழிந்து, ஃபில்டர் அசையாமல், ஒயில் முழங்கை வழியே வடிகிறபோது அந்த வீரத்தைப் பார்க்க வேண்டும்.

பூட்டுவதற்குக் கப் தேவையே இல்லை. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் புது ஒயிலைத் தடவி, கையால் திருகி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று. கழற்ற இவ்வளவு பாடு வருவதே போன தடவை பூட்டியவர் கருவி போட்டு இறுக்கியதால்தான். அவர்ட அவசரத்துக்கு நாம் கட்டுகிற தண்டம் இந்தக் கப். (சில புது எஞ்சின்களில் ஃபில்டர் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும். அங்கே சரியான கப் இல்லாமல் கை வைக்கவே வேண்டாம், மூடி வெடிக்கும்.) அடி நட்டையும் அளவோடு இறுக்குங்கள், வாஷரை மாற்றுங்கள். அலுமினியச் சட்டியின் மரை போனால் ஒரு நட்டின் வேலை ஒரு சட்டியின் செலவாகும்.

இன்னொன்று. நம்ம வாசலெல்லாம் கடல் மணல். காரோடு வருகிற ஜாக் டயர் மாற்றுவதற்கு, அதை நம்பி ஆள் கீழே படுப்பதற்கு அல்ல. மணலில் அது ஒரு பக்கமாகப் புதையும். கொங்கிரீட் தரையில், ஸ்டாண்டுகளில் வண்டியை இருத்திய பிறகுதான் கீழே போக வேண்டும். சீமெந்துக் கல்லை அண்டக் கொடுப்பதும் கூடாது, பாரம் ஏறினால் அது சொல்லாமல் உடையும். ஸ்டாண்டுக்குக் காசில்லை என்றால் வீட்டில் இந்த வேலை வேண்டாம். இதில் எமக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

இவ்வளவு நேரம் கருவி பற்றிப் பேசிவிட்டோம். எந்த டூல் பெட்டியிலும் வராத, யாரும் "எந்தப் பிராண்ட் நல்லம்?" எண்டு கேட்காத ஒரு சாமான் மிச்சம் இருக்கிறது. ஒயில் பிடிக்கிற பேசன். சின்னக் காரின் வயிற்றிலிருந்து 3, 4 லீற்றர் கறுத்த ஒயில் இறங்கும். அது எங்கே போகிறது? வேலிக் கம்புக்குக் கறையான் பிடிக்காமல் பூசுகிறோம் என்பார்கள். வாசலில் தூசி எழும்பாமல் ஊற்றுகிறோம் என்பார்கள். மிச்சம் கானுக்குள்.

நம்ம கிணறுகள் எவ்வளவு ஆழம்? இந்த மணலில் சில அடி தோண்டினாலே தண்ணீர். மாரியில் இன்னும் மேலே வரும். பூசியதும் ஊற்றியதும் மழையோடு இறங்கிப் போவது அந்தத் தண்ணீருக்குத்தான். 2004 டிசம்பர் 26 இல் கடல் உள்ளே வந்து இந்தக் கரையின் கிணறுகளை உப்பாக்கியது. இறைத்து, சேறள்ளி, மழைக்குக் காத்திருந்து அந்தக் கிணறுகளை மீட்ட ஊர்கள் நம்மூர்கள். உப்பையாவது மழை கழுவும். அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகாமையின் கணக்குப்படி, ஒரு தடவை ஒயில் மாற்றும்போது வெளியேறும் கழிவு ஒயில் ஒரு மில்லியன் கலன் நன்னீரைப் பழுதாக்கப் போதும். கானுக்குள் ஊற்றுகிறவர் அடுத்த வீட்டுக் கிணற்றில் ஊற்றுகிறார் என்றுதான் நாம் சொல்வோம். வுளூ எடுக்கிற பள்ளிக் கிணறும் அதே மணலுக்குள்தான் இருக்கிறது.

கராஜில் மாற்றினால் இந்தப் பிரச்சினை இல்லையே என்று கேட்பீர்கள். ட்ரம்மில் சேர்த்து, வாங்க வருகிறவருக்குக் கொடுக்கிற கராஜ்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு எமது மரியாதை. அப்படிச் செய்யாத இடத்தில் நடப்பது வீட்டில் நடப்பதுதான், பத்து மடங்காக. அவர்களின் வயிற்றில் அடிப்பது எமது நோக்கமல்ல. உங்கள் கார் கராஜுக்கே போகட்டும். "பழைய ஒயிலை என்ன செய்றீங்க காக்கா?" எண்டு ஒரு வார்த்தை கேளுங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 இல் வந்த ஒழுங்குவிதிகள் கழிவு ஒயிலைப் பட்டியலிட்ட அபாயக் கழிவுகளில் ஒன்றாக வைத்திருக்கின்றன. அதைச் சேர்ப்பவரும் ஏற்றுபவரும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி எடுக்க வேண்டும். ஆனால் வாசலில் 4 லீற்றர் கேனோடு நிற்கிற ஆளுக்கும் அந்தப் பட்டியலுக்கும் நடுவில் ஒரு பரல் தேவைப்படுகிறது. மூடியும் கூரையும் உள்ள பரல். கல்முனை மாநகர சபையும், காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனைப் பிரதேச சபைகளும் ஆளுக்கொரு பரல் வைக்கட்டும். ஒயில் விற்கிற கடைக்காரரும் விற்ற அளவுக்குப் பழையதைத் திருப்பி எடுக்கட்டும். ஜேர்மனியில் விற்பவர் அதைக் காசு கேட்காமல் எடுக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே அதை ஒரு வர்த்தக சங்கத் தீர்மானமாகத் தொடங்கலாமே.

அதுவரை, புது ஒயில் வந்த கேனிலேயே பழைய ஒயிலை ஊற்றி மூடுங்கள், அளவு சரியாக வரும். ஃபில்டரை ஓர் இரவு கவிழ்த்து வைத்து வடியவிடுங்கள். பெற்றோலோ ரேடியேட்டர் தண்ணீரோ கலக்காதீர்கள், கலந்ததை யாரும் எடுக்கமாட்டார்கள்.

எமது குழுவிடம் 65 மில்லிமீற்றர் கப் ஒன்றும், 14 ஆம் நம்பர் ரிங் ஸ்பேனரும், ஒரு சோடி ஸ்டாண்டும், அகலப் பேசன் ஒன்றும் இருக்கின்றன. இரவல் எடுக்கலாம், காசில்லை. திருப்பித் தரும்போது பழைய ஒயில் கேனையும் கொண்டுவர வேண்டும். ட்ரம் வைத்திருக்கிற கராஜ் ஒன்றோடு பேசி வைத்திருக்கிறோம், அங்கே சேர்ப்போம். கேன் இல்லாமல் கப் மட்டும் திரும்பி வந்தால், அந்த ஆளுக்கு அடுத்த முறை இரவல் இல்லை.