பட்டா இல்லாத புத்தகம்

அம்பத்தூரிலோ ஆவடியிலோ அரை கிரவுண்டு வாங்குகிறவர் என்னவெல்லாம் பார்ப்பார்? மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றிதழ். போதாதென்று, மழைக்குத் தண்ணீர் எது வரைக்கும் நின்றது என்று எதிர்வீட்டுப் பாட்டியிடம் விசாரிப்பார். அதே மனிதர் மின்புத்தகம் வாங்கும்போது ஒன்றும் படிக்காமல் 'சம்மதம்' பட்டனை அமுக்கிவிடுகிறார். இது விற்பனை இல்லை, படிக்க அனுமதி மட்டுமே என்கிற சமாசாரம் சின்ன எழுத்தில் இருக்கும். நீங்கள் வாங்கியது நிலமல்ல சார், குடக்கூலி.

மிகை இல்லை. 2009 ஜூலையில் அமேசான், வாடிக்கையாளர்களின் கிண்டிலுக்குள் புகுந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'அனிமல் ஃபார்ம்' நாவல்களை அழித்தது. விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லையாம். பணத்தைத் திருப்பித் தந்து, பிற்பாடு மன்னிப்பும் கேட்டார்கள். 2019ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்புத்தகக் கடையையே மூடியது. பணம் திரும்பி வந்தது. புத்தகங்கள் போயே போயின. வாங்கிய புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி, கேபிள் வழியாகக் கிண்டிலுக்கு மாற்றிக்கொள்ளும் வசதியை 2025 பிப்ரவரி 26 அன்று அமேசான் நிறுத்தியது. வீட்டுக்காரர் கொல்லைக் கதவையும் பூட்டிவிட்டார்.

லினக்ஸ் வைத்திருப்பவர் பாடு இன்னும் மோசம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததும், பழைய லேப்டாப்பைக் காயலான் கடைக்குப் போடாமல் லினக்ஸ் ஏற்றிக்கொண்டவர்கள் புத்திசாலிகள். அவர்களுக்கென்று ஒரு கிண்டில் செயலி வந்ததே இல்லை.

'லினக்ஸெல்லாம் இன்ஜினீயர் விவகாரமாச்சே' என்பீர்கள். 2006ல் சோனியின் மின்படிப்பான் லினக்ஸோடு பேச மறுத்தது. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த கோவித் கோயல் என்ற இந்தியர், கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. அதன் பாஷையை மோப்பம் பிடித்து ஒரு மென்பொருள் எழுதினார். அதுதான் இன்றைய 'காலிபர்'. காசு கிடையாது. புத்தகங்களை அடுக்கும், வடிவம் மாற்றும், கருவிக்கு அனுப்பும். விண்டோஸ்காரர்களும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஆகவே கருவி வாங்கும்போது திரை எத்தனை இன்ச், பேட்டரி எத்தனை வாரம் என்பதையெல்லாம் அப்புறம் கேளுங்கள். முதல் கேள்வி: கேபிளைச் சொருகினால் என் கம்ப்யூட்டரில் திறக்குமா, என் கோப்பை நானே போட்டுக்கொள்ளலாமா? கோபோ போன்றவை பென் டிரைவ் மாதிரி திறக்கும். ஈபப் கோப்பை இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. புதிய கிண்டில்கள் செல்போன் பாணியில் இணைகின்றன. அவற்றை ஒரு சமயத்தில் ஒரு மென்பொருள்தான் தொட முடியும். ஃபைல் மேனேஜரை மூடிவிட்டுக் காலிபரைத் திறங்கள். பாதி வீட்டுச் சண்டை இதில் தீரும்.

தமிழுக்கு இன்னொரு பரீட்சை. ஏ4 அளவு பிடிஎஃப்பை ஆறு அங்குலத் திரையில் போட்டால் எழுத்துகள் எறும்பு வரிசை. ஈபப் இருக்கிறதா என்று பாருங்கள். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. எதற்கும் பூட்டு இல்லை. இறக்கியதைத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் பிரதி எடுத்து வையுங்கள்.

திருடச் சொல்லவில்லை. எழுத்தாளனுக்குச் சேரவேண்டிய காசு சேரத்தான் வேண்டும். ஆனால் காசு கொடுத்தவனைத் திருடன் மாதிரி நடத்தும் பூட்டு எதற்கு? பூட்டில்லாமல் விற்கச் சொல்லிப் பதிப்பாளரிடம் கேளுங்கள். கேட்காத வரைக்கும் கிடைக்காது.

பூந்தமல்லி தாண்டினால் திருமழிசை. அந்த ஊர் ஆழ்வாரின் கதை தெரியுமல்லவா? சீடன் கணிகண்ணனைப் பல்லவ ராஜா காஞ்சியை விட்டுப் போகச் சொன்னான். ஆழ்வாரும் கிளம்பினார். பெருமாளையும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னார். பெருமாள் மறுபேச்சில்லாமல் எழுந்து போனார். 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்று அவருக்குப் பெயரே வந்துவிட்டது.

நீங்கள் ஒரு கடையை விட்டுக் கிளம்பினால் உங்கள் புத்தகங்கள் கூட எழுந்து வருமா? வராதென்றால் அவை உங்களுடையவை அல்ல.