நடராஜாவுக்கு மாலை வேண்டாம், அறிக்கையைத் திறவுங்கள்!

பேராசிரியர் தம்பையா நடராஜா 2004ஆம் ஆண்டில் மறைந்தார். கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்து அடியார்கள் அவரைத் தர்மகர்த்தாவாக அறிவர். வெள்ளவத்தை அப்புக்காத்துமார் அவரை இலங்கைப் பல்கலைக்கழகச் சட்டபீடத்தின் தலைவராக அறிவர். யாழ்ப்பாணத்தார்க்கோ அவர் தம் பல்கலைக்கழகத்தின் வேந்தர். நினைவு நாள் வந்தால் படத்துக்கு மாலை சூட்டுவோம். ஆனால் மனித உயிரைப் பற்றி அவர் பங்குகொண்டு செய்த ஆராய்ச்சியைப் படித்தவர் நம்மில் எத்தனை பேர்?

1956இல் பதவிக்கு வந்த பண்டாரநாயக்கா அரசாங்கம் தூக்குத் தண்டனையை நிறுத்திவைத்தது. 1958இல் அதற்குச் சட்டமும் பிறந்தது. அவ்வாண்டே, தூக்குத் தண்டனையை ஆராய ஓர் ஆணைக்குழு அமைந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த குற்றவியல் அறிஞர் நோர்வல் மொரிஸ் அதன் தலைவர்; உறுப்பினருள் ஒருவர் நடராஜா. பரம்பரைச் சொத்தைக் கட்டுப்படுத்தும் உரோமன் டச்சுச் சட்டம் பற்றி 1949இல் நூல் எழுதியவர் அவர். காணியும் உறுதியும் ஆராய்ந்த கண், கழுத்தையும் கயிற்றையும் ஆராய வந்தது.

அவர்கள் செய்தது கமக்காரர் நன்கறிந்த வேலையே. ஒரு பாத்திக்குப் பசளை இட்டு, மறு பாத்திக்கு இடாது விட்டு, விளைச்சலை ஒப்பிட்டுப் பார்ப்பவன் அறிவுள்ள கமக்காரன். கடைக்காரன் சொன்னான் என்பதற்காக அவன் மூட்டை வாங்குவானா? தூக்கு இருந்த காலத்துக் கொலைக் கணக்கும் இல்லாத காலத்துக் கணக்கும் பார்க்கப்பட்டன. கயிறே கொலையைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று கிட்டவில்லை. நிறுத்தம் நீடிக்கட்டும் என்றது 1959ஆம் ஆண்டு அறிக்கை.

அவ்வாண்டு செப்டெம்பர் 25ஆம் நாள் பிரதம மந்திரி சுடப்பட்டார், மறுநாள் இறந்தார். நாடு கொதித்தது, அது இயல்பே. ஆனால் ஆட்சியாளரும் கொதிக்க வேண்டுமா? ஆண்டு முடியுமுன் தூக்குத் தண்டனை மீண்டது, முன்னே நடந்த கொலைக்கும் செல்லும்படியாக! அவசரத்தில் நெய்த வலையில் ஓட்டை இருந்தது. சட்டம் கொலையைப் பின்னோக்கித் தொட்டதேயன்றிச் சதியைத் தொடவில்லை. சுட்ட சோமராமர் 1962இல் தூக்கிலிடப்பட்டார். சதிக் குற்றவாளிகளான புத்தரக்கித்தரும் ஜயவர்த்தனாவும் மேன்முறையீட்டில் கயிற்றுக்குத் தப்பி ஆயுட்சிறை பெற்றனர். பழிவாங்கும் சட்டம் பழிவாங்கவும் உதவவில்லை!

1976க்குப் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. இதை நாகரிகம் என்று மார்தட்டுவோருக்கு ஒன்று நினைவூட்டுகிறோம். மரண தண்டனை விதிக்கப்பட்டு மறியலிலிருந்த குட்டிமணியும் ஜெகனும் 1983 ஜூலை 25இல் வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டனர். அன்றும் 27ஆம் நாளுமாக அங்கே மாண்ட தமிழ்க் கைதிகள் 53 பேர். அலுகோசு தேவைப்படவில்லை.

"கொலைகாரனுக்கு இரக்கமா?" என்பர் சிலர். இரக்கத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். வேலித் தகராற்றிலும் வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையிலும் கத்தி தூக்குபவன் தண்டனைச் சட்டக்கோவையைப் புரட்டிவிட்டா தூக்குகிறான்? நம்மவர்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், பொலிஸ் உயர் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சான்றாக ஏற்றது. அத்தகைய சான்றின்மேல் உள்ளே போனவன் குற்றமற்றவன் என்று பின்னர் தெரிந்தால் சிறைக் கதவைத் திறக்கலாம். தூக்கியவனை எந்த மேன்முறையீடு இறக்கும்?

2019 ஜூனிலே, போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிடக் கையொப்பமிட்டுவிட்டதாக ஜனாதிபதி சிறிசேனா அறிவித்தார். அறுபதாண்டுக்கு முந்திய அறிக்கையை அவர் மறுத்தாரா? மறுப்பதற்கு முதலில் படிக்க வேண்டுமே! ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, நால்வரும் பிழைத்தனர்.

நடராஜாவின் பெயரால் மண்டபம் கட்ட நிதி திரட்டும் பெரியோர்க்கு நம் விண்ணப்பம் இது: அவ்வறிக்கை எவரும் வாங்கக்கூடிய மலிவான தமிழ்ப் பதிப்பாக வரட்டும். வெள்ளவத்தையிலும் வவுனியாவிலும் வாசிகசாலை மேசையில் கிடக்கட்டும். அடுத்த முறை கயிறு கேட்டு மேடையேறும் அமைச்சரிடம், "ஐயா, இதில் எந்தப் பக்கம் பிழை?" என்று ஒரு கமக்காரர் எழுந்து கேட்கட்டும்.