அலறுற பொட்டியும் அவசர சிகிச்சையும்

"டாக்டரை விட கம்ப்யூட்டர் கரெக்டா சொல்லுது, எமர்ஜென்சியில அதையே போட்டுடலாம்"னு நம்ம மக்கள் சில பேர் ரொம்ப நாளா ஒரே பாட்டைப் பாடிக்கிட்டிருக்காங்க. பொட்டி தட்டிப் பொழப்பு ஓட்டுறவன்கிற முறையில சொல்றேன், கடுப்பாகுது சாமி.

நான் ஒண்ணும் கம்ப்யூட்டருக்கு எதிரி இல்லை. 1972லேயே இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பல் குழு, கடும் வயிற்றுவலியோடு வந்த 304 பேரை வைத்து சோதனை செய்தது. நோயைச் சரியாகச் சொன்னதில் கம்ப்யூட்டருக்கு 91.8%, சீனியர் டாக்டருக்கு 79.6%. இதுவரை சொல்லிட்டு காலரைத் தூக்கி விட்டுக்குவாங்க. அதே சிஸ்டம் கோபன்ஹேகன் நோயாளிகளிடம் அந்த அளவுக்கு எடுபடலைங்கிறதை யாரும் சொல்ல மாட்டாங்க. அதுக்குள்ள இருந்தது லீட்ஸ் நோயாளிகளோட கணக்கு. ஊர் மாறினா கணக்கும் மாறும்ல?

சரி, அது பழைய கதைம்பீங்க. புதுசுக்கே வருவோம். கிருமித்தொற்று முற்றி உறுப்புகளையே செயலிழக்க வைக்கிற செப்சிஸ்ல ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அதை முன்கூட்டியே சொல்ல எபிக் நிறுவனத்தோட மாடல் ஒண்ணு அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளில் ஓடியது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆட்கள் தங்களோட நோயாளிகளை வைத்து அதைச் சோதித்து 2021ல் முடிவை வெளியிட்டாங்க. செப்சிஸ் வந்த 2,552 பேரில் 1,709 பேரைக் கோட்டை விட்டிருந்தது. அதாவது 67%. சரி, வாயை மூடிக்கிட்டாவது இருந்ததா? அதுவும் இல்லை. மொத்த அட்மிஷன்களில் 18 சதவீதத்துக்கு அலர்ட் அடிச்சிருக்கு!

இதுல இன்னொரு கூத்து. டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினதும் அப்போ அந்த மாடலுக்கு ஒரு இன்புட்டா இருந்துச்சு. டாக்டர் சந்தேகப்பட்டு மருந்து எழுதின பிறகு "செப்சிஸா இருக்கலாம்"னு சொல்ல ஒரு சாஃப்ட்வேர் எதுக்குங்க? பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்த்து எழுதிட்டு ரேங்க் கேட்கிற கதைதான்.

சும்மா சும்மா அலறுற பொட்டியை நர்ஸ் என்ன செய்வாங்க? பார்க்காமலே மூடிடுவாங்க. அப்புறம் நிஜமா புலி வந்தாலும் அதே கதிதான். இதுல நர்ஸைக் குத்தம் சொல்ல முடியாது. டிசைன்தான் குத்தவாளி.

சாதாரண பில்லிங் சாஃப்ட்வேரைக்கூட கஸ்டமர் தன் டேட்டாவைப் போட்டு டெஸ்ட் பண்ணாம லைவ் விட மாட்டோம். உயிர் ஊசலாடுற இடத்துல மட்டும் "கம்பெனி ரகசியம், நம்புங்க"ன்னா எப்படி? முதல்ல யாருக்கும் அலர்ட் காட்டாம சில மாசம் பின்னணியில ஓட விடுங்க. எத்தனை பேரைத் தவறவிட்டுது, எத்தனை தடவை வெட்டியா அலறுச்சுன்னு ரெண்டையும் எண்ணுங்க. எண்ணினதை வெளியில சொல்லுங்க. அதுக்கப்புறம் வார்டுக்குள்ள விடலாம்.

இதுக்கும் "தொழில்நுட்ப விரோதி"ன்னு பட்டம் கட்டுறவங்க பின்னூட்டத்துல வரிசையா வாங்க. வரும்போது கையில டெஸ்ட் ரிசல்ட்டோட வாங்க, பேசுவோம்.