நோயின் பெயரும் சாவின் கணக்கும்

ஒருவர் இறந்துபட்டால் அவர்தம் வாழ்நாள் முடிகின்றது. அவரைக் கொன்ற நோய் முடிவதில்லை. அந்நோய் இன்னதெனப் பிழையற எழுதப்பட்டால் அடுத்தவரைக் காக்கும் அறிவாகின்றது. பிழைபட எழுதப்பட்டால், பெயர் மறைந்து அடுத்த வீட்டிற்குள் நுழைகின்றது. இறப்புச் சான்றின் ஒரு வரியில் இத்துணைப் பொறுப்பு அடங்கியிருத்தலைத் தமிழ்மக்கள் இன்னும் உணர்ந்தாரில்லை.

அவ்வரியில் நாடெங்கும் மிகுதியாக எழுதப்பெறும் சொற்களுள் ஒன்று ‘செப்டிசீமியா’ என்பது. குருதியில் நுண்ணுயிரிகள் புகுந்து பெருகிய நிலையை அது குறிக்கும். இக்காலத்தார் ‘செப்சிசு’ என்பர். அழுகுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் அது. சொல் பெரிதாக இருக்கின்றது. ஆனால், அதனைத் தனியே எழுதிவிட்டால் யாதும் சொன்னதாகாது. எந்த நுண்ணுயிரி? எவ்வழிப் புகுந்தது? எந்த நோயை ஒட்டி வந்தது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை சொல்லாத பெயர் பெயரன்று, வெறும் மூடுதுணி.

இதன் தீங்கை உணர, சாவுக் கணக்கு எவ்வாறு எடுக்கப்படுகின்றது என்பதை அறிதல் வேண்டும். இறப்புக் கரணியங்களை உலகம் முழுதும் ஒரே முறையில் வகுக்கும் பட்டியலை 1893-இல் பிரெஞ்சு அறிஞர் பெர்த்தியோன் சிகாகோ நகரில் முன்வைத்தார். பின்னர்ப் பலமுறை திருத்தப்பெற்று, உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டு நோய் வகைப்பாடாக அது வளர்ந்துள்ளது. இந்தியாவின் இறப்புக் கரணிய அறிக்கைகள் அதன் 10-ஆம் திருத்தத்தின்படி தொகுக்கப்பட்டு வந்துள்ளன. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறி உண்டு. மருத்துவர் எழுதிய சொல்லைப் பார்த்தே குறியிடுவோர் குறியிடுவர். எழுதாததை அவர் அறியார்.

அவ்வகைப்பாட்டில் குருதித்தொற்று ஓரிடத்தில் நிற்பதன்று. மகப்பேற்றின்பின் தாய்க்கு வருவது ஓ 85. பிறந்த குழந்தைக்கு வருவது பி 36. குடற்காய்ச்சலான டைபாய்டின் வழி வருவது ஏ 01. சங்கிலிக்கோள நுண்ணுயிரியால் வருவது ஏ 40. யாதொன்றும் சொல்லப்படாதவிடத்து வீழ்வது ஏ 41.9. இவற்றைக் குறிவேறுபாடுகள் மட்டுமே என்று எண்ணற்க. முதலாவது மிகுந்தால் மகப்பேற்று அறையைத் திருத்த வேண்டும். மூன்றாவது மிகுந்தால் குடிநீரைத் திருத்த வேண்டும். ஏ 41.9 மிகுந்தாலோ எதைத் திருத்துவது என்று எவருக்கும் தெரியாது. உலக நோய்ச்சுமையைக் கணக்கிடும் ஆய்வாளர் இத்தகைய குறிகளைக் ‘குப்பைக் குறிகள்’ என்றே ஒதுக்குகின்றனர்.

இனி, மதுரையைச் சூழ்ந்த வயல்வெளியை நினைந்து பார்க்க. பெரியாற்றுக் கால்வாயும் வையையும் பாயும் மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பகுதிகளில் உழவர் வெறுங்காலொடு சேற்றில் நின்று நாற்று நடுகின்றனர். ஈரமண்ணில் வாழும் நுண்ணுயிரி ஒன்றால் மெலியாய்டோசிசு என்னும் நோய் வருகின்றது. காலில் உள்ள சிறு புண் வழியாகவே அது உட்புகவல்லது. நீரிழிவு உடையாரை மிகுதியும் வருத்துவது. 1912-இல் இரங்கூனில் இதனை முதன்முதல் உலகிற்கு விளக்கி எழுதியவர் விட்மோர், கிருட்டிணசாமி என்னும் இருவர். தமிழகத்திலும் இந்நோய் கண்டறியப்பட்டுள்ளது. காய்ச்சலுக்கு வழக்கமாக முதலில் ஏற்றும் மருந்துகள் பலவற்றுக்கு இஃது அடங்குவதில்லை. உரிய மருந்தைக் குறைந்தது 10 முதல் 14 நாள் குருதிக்குழாய் வழியாகவும், அதன்பின் 3 திங்களேனும் வாய்வழியாகவும் தருதல் வேண்டும்.

நீரிழிவுடைய உழவர் ஒருவர் இந்நோயால் இறக்கின்றார் எனக் கொள்வோம். சான்றில் மெலியாய்டோசிசு என்று எழுதினால் குறி ஏ 24 ஆகும். அவ்வூர் மண்ணில் அந்நுண்ணுயிரி உண்டென்பது மாவட்டத்திற்குத் தெரியவரும். அடுத்த உழவர் காய்ச்சலொடு வரும்போது மருத்துவர் விழிப்பாக இருப்பார். ‘செப்டிசீமியா’ என்று மட்டும் எழுதினால் ஏ 41.9 ஆகும், மண்ணின் செய்தி மண்ணிலேயே புதைந்துபோகும். ஒரு சொல்லில் விளையும் கேடு இத்தகையது.

மருத்துவர்மீதே முழுப்பழியும் சுமத்துதல் முறையன்று. நுண்ணுயிரி இன்னதென அறியக் குருதி வளர்ப்பு ஆய்வு வேண்டும். கொல்லி மருந்து ஏற்றுமுன் குருதி எடுத்தல் வேண்டும். முன்னரே மருந்துக்கடையில் ஏதோ ஒரு மாத்திரை வாங்கி விழுங்கி வருவோரிடம் அவ்வாய்வு பொய்த்துப்போதலும் உண்டு. முடிவு வருவதற்கு ஓரிரு நாளேனும் ஆகும். அதற்குள் உயிர் பிரிந்து, சான்றும் எழுதப்பட்டுவிடுகின்றது. பின்னர் வந்த முடிவைக் கொண்டு சான்றைத் திருத்தி அனுப்பும் வழக்கம் வேரூன்ற வேண்டும். ஆய்வு முடிவே இல்லாதவிடத்தும், நுரையீரல் அழற்சியா, சிறுநீரகத் தொற்றா, ஆறாத காற்புண்ணா என அடிப்படை நோயை எழுதத் தடை யாது? படிவத்தில் உடனடிக் கரணியத்திற்கு ஒரு வரியும், அதற்கு முற்பட்ட கரணியங்களுக்கு அடுத்த வரிகளும் இதற்காகவே உள்ளன. முதல் வரியை நிரப்பி, ஏனையவற்றை வெறுமையாக விடுதலே பிழை. நோயைத் துணிந்தபின் அது எழுந்த வேரைக் காண்க என்று வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வகுத்த முறையும் இதுவே அன்றோ?

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு பதிவான இறப்புகளுள் மருத்துவச் சான்று பெற்றவை நூற்றுக்கு ஏறத்தாழ 22 மட்டுமே. இருக்கும் சிறு கணக்கையும் பொருளற்ற சொல்லால் பாழாக்குதல் பொறுக்கத்தக்கதன்று.

இனி, பெயரைப் பற்றி ஒரு சொல். இந்நோயைத் தமிழில் ‘இரத்தத்தில் விசம் கலந்துவிட்டது’ என்று சொல்லும் வழக்கம் பரவியுள்ளது. இது பிறமொழிச் சொல் என்பது ஒரு குறை. பொருளும் பிழை என்பது பெருங்குறை. கேட்கும் வீட்டார் யாரோ நஞ்சூட்டினர் என்றோ, பூச்சி தீண்டியது என்றோ ஐயுறுகின்றனர். குருதியில் நுண்ணுயிர் காணப்படுதல் வேறு. தொற்றை எதிர்க்கப் புகுந்த உடலின் போராட்டமே நெறிபிறழ்ந்து தன் உறுப்புகளைக் கெடுத்தல் வேறு. 2016-இல் மருத்துவ அறிஞர் செப்சிசு என வரையறுத்தது பின்னதையே. முன்னதைக் ‘குருதித்தொற்று’ என்றும், பின்னதைத் ‘தொற்றுக்குலைவு’ என்றும் வழங்கினால், சொல்லும் தூயதாகும், பொருளும் தெளிவாகும், ஐயமும் அகலும்.

இறப்புக் கரணியச் சான்றின் படியை நெருங்கிய உறவினருக்கும் தருதல் வேண்டும் என்று 2023-இல் திருத்தப்பெற்ற பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் கூறுகின்றது. ஆனால், ஆங்கிலத்தில் எழுதிய நோய்ப்பெயரை உசிலம்பட்டியின் எளிய தாயொருத்தி எவ்வாறு படிப்பாள்? குறியெண் எம்மொழியிலும் ஒன்றே. அதனருகில் தமிழ்ப்பெயரை எழுதுவதால் கணக்கிற்கு எள்ளளவும் ஊறில்லை. சித்த மருத்துவச் சொற்களுக்கும் பன்னாட்டு வகைப்பாட்டின் 11-ஆம் திருத்தத்தில் இடம் தரும் பகுதி 2024 சனவரி 10-இல் வெளியிடப்பட்டுள்ளது. உலக அவையில் தமிழ் மருத்துவச் சொல்லுக்கு இடம் உண்டெனில், தமிழகத்தின் இறப்புச் சான்றில் இடம் இல்லாமற் போவது எவ்வாறு?

ஆகவே, செய்ய வேண்டுவன இவை: குறியெண்களுக்குரிய தமிழ்ப்பெயர்ப் பட்டியலை அரசு ஆக்கி வெளியிடல் வேண்டும்; உறவினர் பெறும் படியில் நோய்ப்பெயர் தமிழிலும் இருத்தல் வேண்டும்; சான்று எழுதும் முறையை மருத்துவ மாணவர்க்குச் செவ்வனே பயிற்றுதல் வேண்டும்; மாவட்ட மருத்துவமனைதோறும் குருதி வளர்ப்பு ஆய்வு தடையின்றி நடத்தல் வேண்டும். மக்கள் செய்ய வேண்டுவதும் ஒன்றுண்டு. சான்றைக் கையில் வாங்கும்போது, “இத்தொற்று எதனால் வந்தது? அஃது எழுதப்பட்டுள்ளதா?” என்று பணிவோடும் அச்சமின்றியும் கேட்க வேண்டும். இறந்தவரை அவ்வினா மீட்டுத்தராது, இருப்பவரைக் காக்கும்.