அபராதம் வேண்டாம், கட்டிக் கொடு!

லண்டன் மெய்டா வேல் பகுதியில் கார்ல்டன் டேவர்ன் என்று ஒரு பப். முதல் உலகப்போரில் குண்டு விழுந்து பழைய கட்டடம் போனதால் 1920-21-ல் புதிதாகக் கட்டியது. ஹிட்லரின் குண்டுவீச்சிலும் தப்பித்து நின்றது. 2015 ஏப்ரலில் ஒரு புல்டோசரிடம் தோற்றது.

அதை வாங்கிய கம்பெனிக்கு அங்கே அடுக்குமாடி வீடு கட்ட ஆசை. வெஸ்ட்மின்ஸ்டர் மாநகராட்சி அனுமதி தரவில்லை. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்ற அறிவிப்பு வர இரண்டே நாள்தான் பாக்கி. சரக்குக் கணக்கெடுக்க வேண்டும், கடையை மூடுங்கள் என்று நடத்துகிறவரிடம் சொன்னார்கள். கணக்கெடுக்க வந்தது இடிக்கிற எந்திரம்!

'குடிக்கிற இடம்தானே, போனா போகட்டுமே சார்' என்பீர்கள். பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். தெருவுக்கே பொதுவான வீடு. பேச்சுத் துணையில்லாத கிழவர் ஒரே ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மாலை முழுக்க உட்காரலாம். கால்பந்து பார்ப்பதும் அங்கேதான், இழவு வீட்டிலிருந்து திரும்பிக் கூடுவதும் அங்கேதான். அது போனால் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் போகும்.

சரி, இடித்தவருக்கு என்ன தண்டனை? அபராதமா? அது பில்டருக்கு சிமென்ட், கம்பி மாதிரி இன்னொரு செலவு, அவ்வளவுதான். லாபத்தில் கழித்துக்கொண்டு அடுத்த மனைக்குப் போய்விடுவார். வெஸ்ட்மின்ஸ்டர் அந்தத் தப்பைச் செய்யவில்லை. 'எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கட்டு' என்றது. மேல்முறையீடும் 2016-ல் எடுபடவில்லை. அக்கம்பக்கத்தார் முன்கூட்டியே சந்தேகப்பட்டதால், கட்டடத்தைப் படம் பிடித்து, ஓடுகளுக்கு அச்சும் எடுத்து வைத்திருந்தார்கள். 'பழசு எப்படி இருந்துச்சுன்னு தெரியலையே' என்று கையை விரிக்க வழியில்லை. 2021 ஏப்ரலில் பப் மறுபடி திறந்தது.

இது போதவில்லை போலிருக்கிறது. ஸ்டாஃபோர்ட்ஷயரில் நிலக்கரிச் சுரங்கத்தால் தரை இறங்கி, சாய்ந்தே நின்ற 'க்ரூக்கட் ஹவுஸ்', 1765-ல் கட்டியது. 2023-ல் கைமாறிய கொஞ்ச நாளிலேயே, ஆகஸ்ட் 5-ம் தேதி, தீப்பிடித்தது. இரண்டாம் நாள் மிச்சத்தையும் இடித்துவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் அங்கேயும் திரும்பக் கட்டச் சொல்லி நோட்டீஸ் போனது.

'என் சொத்து, என் இஷ்டம்' என்பவர்களுக்கு ஒரு கேள்வி. நீங்கள் வாங்கிய பத்திரத்தில் மனையும் சுவரும் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அங்கே வந்து உட்கார்ந்தவர்கள் சேர்த்த மதிப்பை யாரிடம் விலை கொடுத்து வாங்கினீர்கள்?

ஊர் கூடும் இடத்தை இடிப்பவர் கையில் அபராத ரசீதைக் கொடுக்காதீர்கள். கொத்தனார் கரண்டியையும் கலவைச் சட்டியையும் கொடுங்கள்.